அகன்ற டயருக்கு எவ்வளவு காற்று?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விவசாயியின் வைக்கோல் கட்டுகளையும் தச்சனின் மரப்பலகைகளையும் சுமப்பதற்கென்று தோன்றி, காலப்போக்கில் நகரத்துக் குடும்பஸ்தர்களும் கடைக்குப் போய்வருவதற்கென்று வாங்கும் வாகனமாக மாறிவிட்ட பிக்கப் என்னும் சிறு லாரியின்மேல் அந்நாட்டு ஜனங்களுக்கு உள்ள பிரியம் அசாதாரணமானது. ஃபோர்டு கம்பெனியின் எஃப் வரிசை வண்டிதான் 1977 முதல் அந்தத் தேசத்து லாரிகளில் அதிகமாக விற்பனையாகி வருகிறது என்பதும், பிறகு சில வருஷங்களிலேயே கார்களையும் அது விற்பனையில் முந்திவிட்டது என்பதும் அந்தப் பிரியத்துக்கு அத்தாட்சி. இப்படிப்பட்ட வண்டியை வாங்கியவர் அதற்குச் செய்யும் முதல் அலங்காரம், பெரும்பாலும், தொழிற்சாலையில் பூட்டிய டயர்களைக் கழற்றிவிட்டு, அவற்றைவிட அகலமும் உயரமும் மிகுந்த, கரடுமுரடான பட்டன் (தரையைத் தொட்டு உருளும் வெளிப்பட்டை) கொண்ட டயர்களை மாட்டுவதுதான். அப்படி மாட்டுகிறவர்களில் வாஸ்தவத்திலேயே சேற்றிலும் மணலிலும் இறங்குகிறவர்கள் எத்தனை பேர், வாசலில் நிறுத்தி அழகு பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்ற விசாரணையில் நாம் இறங்கவேண்டியதில்லை. இரு சாராருக்கும் மறுநாள் காலையில் எழும் சந்தேகம் ஒன்றேதான். இந்தப் புது டயருக்கு எவ்வளவு காற்று அடிப்பது?

கேட்டுப் பார்த்தால் மூன்று விதமான பதில்கள் கிடைக்கும். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டு சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு என்கிறது. புது டயரின் பக்கச்சுவரில் வார்த்திருக்கும் எழுத்தோ 80 பவுண்டு என்கிறது. டயர் மாட்டிய கடைக்காரர் இவ்விரண்டையும் பாராமல் தம் கைக்குப் பழகிப்போன ஓர் எண்ணை அடித்து அனுப்பிவிடுகிறார். (அமெரிக்கர்கள் காற்றின் அழுத்தத்தையும் வண்டியின் பாரத்தையும் பவுண்டிலேயே சொல்லிப் பழகியவர்கள், குழப்பம் நேராமலிருக்க, இக்கட்டுரையில் பவுண்டு என்றால் எங்கும் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தத்தையே குறிக்கும், பாரத்தைக் கிலோகிராமில் சொல்லிவிடுகிறேன்.) இந்த மூன்றில் கடைக்காரரின் எண்ணுக்கு ஆதாரமே கிடையாது. சீட்டில் உள்ள எண்ணுக்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் அது கழற்றி ஒதுக்கப்பட்ட பழைய டயரை மனத்தில் வைத்து எழுதியது. பக்கச்சுவரில் உள்ள எண், அந்த டயர் தாங்கக்கூடிய மிக அதிகமான பாரத்தைத் தாங்கவேண்டுமானால் அதற்கு வேண்டிய அழுத்தத்தைத்தான் சொல்கிறது. நம் வண்டி அவ்வளவு பாரத்தை அதன்மேல் ஏற்றுகிறதா என்பது டயர் செய்தவனுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே எண்களை விட்டுவிட்டு, டயருக்குள் அடைபட்ட காற்று அங்கே என்ன உத்தியோகம் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே முறை. வண்டியைத் தாங்குவது ரப்பர் என்று மேலோட்டமாகத் தோன்றினாலும், உண்மையில் பெரும்பகுதி பாரத்தைத் தாங்குவது காற்றுதான். ரப்பரும் அதனுள் பொதிந்த நூலும் எஃகுக் கம்பிகளும் அந்தக் காற்றை ஓர் உருவத்தில் அடக்கி வைத்திருக்கும் பைதான். 1845-ல் ஸ்காட்லாந்து தேசத்தவரான ராபர்ட் வில்லியம் தாம்ஸன் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றபோதும், அது மறந்துபோன பிறகு 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப் அதையே மீண்டும் கண்டுபிடித்தபோதும், அவர்கள் கண்ட சூட்சுமம் இதுவே. காற்று தன்மேல் வரும் பாரத்தைத் தாங்கவேண்டுமானால், அழுத்தத்தையும் தரையில் பதியும் பரப்பையும் பெருக்கினால் வரும் தொகை பாரத்துக்குச் சமமாகவேண்டும். எனவே, பாரத்தை அழுத்தத்தால் வகுத்தால் தரையில் பதியும் பரப்பு கிடைக்கிறது. 2,400 கிலோகிராம் எடையுள்ள பிக்கப் ஒன்றின் ஒவ்வொரு சக்கரத்தின்மேலும் 600 கிலோகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டு, 35 பவுண்டு அழுத்தத்துக்குக் கணக்குப் போட்டால், ஒரு டயர் தரையில் பதியும் இடம் சுமார் 244 சதுர சென்டிமீட்டர் என்று வருகிறது. நான்கையும் கூட்டினாலும் ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குமேல் போவதில்லை. அவ்வளவு பெரிய வாகனமும் அதன் வேகமும் திருப்பமும் நிறுத்தமும் அந்தச் சிறு இடத்தை நம்பித்தான் இருக்கின்றன.

இந்தக் கணக்கில் அகலம் எங்கேயும் வரவில்லை என்பதை வாசகர் கவனித்திருக்கக்கூடும். பாரமும் அழுத்தமும் மாறாதிருந்தால், ஒல்லி டயராயினும் அகன்ற டயராயினும் தரையில் பதியும் பரப்பு ஏறக்குறைய ஒன்றேதான். பக்கச்சுவரின் விறைப்பு கொஞ்சம் பாரத்தைத் தானும் தாங்குவதால் கணக்கு இம்மியளவு பிசகுமே தவிர, அடிப்படை மாறுவதில்லை. மாறுவது பரப்பின் வடிவம். பட்டனின் அகலம் 20 சென்டிமீட்டராக இருக்கும் டயர் மேற்படி கணக்கின்படி முன்பின்னாகச் சுமார் 12 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பதிகிறது என்றால், 22 சென்டிமீட்டர் அகலமுள்ள டயர் 11 சென்டிமீட்டர் நீளத்துக்கே பதியும். அகன்ற டயர் போட்டால் பிடிப்பு அதிகம் என்று பலர் நினைப்பது, பதியும் பரப்பே கூடிவிடுகிறது என்ற எண்ணத்தினால்தான்; பரப்பு கூடவேண்டுமானால் அழுத்தம் குறையவேண்டும். அகலம் தருகிற விசேஷம், அழுத்தத்தைக் குறைப்பதற்கு அது இடம் கொடுக்கிறது என்பதே.

ஏன் இடம் கொடுக்கிறது என்பது இந்த விஷயத்தில் மிகவும் ரசமான பகுதி. காற்றடைத்த உருளை எதுவாயினும், அதன் சுவரில் உண்டாகும் இழுவிசை உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் உருளையின் பருமனையும் ஒருங்கே பொறுத்தது. பருமன் இரட்டிப்பானால், அதே அழுத்தத்தில் சுவரின் இழுவிசையும் இரட்டிப்பாகும். நீராவிக் கொதிகலன் செய்கிறவர்கள் பெரிய கொதிகலனுக்குத் தடித்த தகடு போடுவதும் இதனால்தான். டயருக்கும் இதே விதி. 35 பவுண்டு காற்றுள்ள ஒல்லி டயரின் நூல்கள் ஓரளவு விறைத்திருக்குமானால், அதே 35 பவுண்டு காற்றுள்ள பருத்த டயரின் நூல்கள் அதைவிட அதிகமாக விறைத்திருக்கும். ஆகவே பள்ளத்தில் இறங்கும்போது முதுகெலும்பில் உறைக்கும். பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயருக்கு 100 பவுண்டும், வயலில் ஓடும் டிராக்டரின் பெருத்த டயருக்கு அதில் ஒரு சிறு பங்கும் போதுமானதாக இருப்பதன் ரகசியம் இதில் அடங்கியிருக்கிறது.

இது வெறும் சித்தாந்தம் அன்று என்பதற்கு டயர் செய்கிறவர்கள் பக்கச்சுவரில் பொறிக்கும் எண்களே சாட்சி சொல்கின்றன. 17 அங்குல ரிம்முக்கென்று செய்த லாரி டயர் ஒன்று 265 மில்லிமீட்டர் அகலமுள்ளது. அது 1,450 கிலோகிராம் பாரத்தைத் தாங்க 80 பவுண்டு காற்று வேண்டும். அதே ரிம்முக்கு 35 அங்குல உயரமும் பன்னிரண்டரை அங்குல, அதாவது சுமார் 318 மில்லிமீட்டர் அகலமும் உள்ள இன்னொரு டயர் செய்கிறார்கள். அதே 1,450 கிலோகிராமைத் தாங்க அதற்கு 65 பவுண்டு காற்று போதும். அகலத்தையும் அழுத்தத்தையும் பெருக்கிப் பாருங்கள்: முதல் டயருக்கு 21,200, இரண்டாவதற்கு 20,670. பெரிய டயர் அகலத்தில் மட்டுமின்றி உயரத்திலும் மிஞ்சியது என்பதை மறக்கக்கூடாது என்றாலும், இரண்டு தொகைகளும் இவ்வளவு நெருங்கி வருவது பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்த விதியைச் சாதாரணமாக நிகழும் மாற்றத்துக்குப் பிரயோகித்தால் கிடைக்கும் பலன், அகன்ற டயர்மேல் மோகம் கொண்டவர்களுக்குச் சற்று ஏமாற்றத்தையே தரும். பலரும் செய்வது 265 மில்லிமீட்டர் அகலத்திலிருந்து 285-க்குப் போவதுதான். 35 பவுண்டை 265-ஆல் பெருக்கி 285-ஆல் வகுத்தால் கிடைப்பது முப்பத்திரண்டரைப் பவுண்டு. ஆக, அகலம் கூடியதற்காக மட்டும் குறைக்கவேண்டிய காற்று இரண்டரைப் பவுண்டு. காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் இடையே ஒரு டயரில் தானாகவே ஏறி இறங்கும் அழுத்தத்தைவிட இது அதிகம் அன்று. கணக்கு என்னவோ இப்படித் தெளிவாக இருக்கையில், எங்கே பார்த்தாலும் அகலத்தைப் பற்றியே சர்ச்சை நடப்பதும், அதைவிடப் பன்மடங்கு முக்கியமான இன்னொரு மாற்றம் யார் கண்ணிலும் படாமல் போவதும்தான் ஆச்சரியம்.

அந்த மாற்றம் டயரின் ஜாதியைப் பற்றியது. தொழிற்சாலையிலிருந்து வரும் பல பிக்கப்புகளில் இருப்பவை, பெயரின் முன்னால் ‘பி’ என்ற எழுத்தைத் தாங்கிய, பிரயாணிகள் காருக்கென்று வகுத்த டயர்கள். உரிமையாளர் விரும்பி மாட்டும் முரட்டு டயர்கள் பெரும்பாலும் ‘எல்.டி.’ என்ற எழுத்தைத் தாங்கிய சிறு லாரி டயர்கள். இரண்டாவது ஜாதியில் ரப்பர் தடித்தது, அடுக்குகள் பலத்தவை, கல்லும் முள்ளும் எளிதில் கிழிக்கமாட்டா. அப்படியானால் அதே காற்றில் அது அதிகப் பாரத்தைத் தாங்கும் என்றுதானே எவரும் நினைப்பார்கள்? நடப்பதோ இதற்கு நேர்மாறு. ஒரே அளவுள்ள இரு டயர்களில் ஒரே அழுத்தத்தில் காற்றடைத்தால், லாரி டயருக்கு அட்டவணை அனுமதிக்கும் பாரம் கார் டயருக்கு அனுமதிப்பதைவிடக் குறைவு. தடித்த ரப்பர் மடங்கி நிமிரும்போது அதிக உஷ்ணத்தை உண்டாக்குகிறது; உண்டான உஷ்ணத்தை வெளியே விடவும் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது; ஆகவே அதை அதிகம் மடங்கவிடாமல் வைத்திருக்க அதிகக் காற்று தேவைப்படுகிறது. அன்றியும், லாரியின் கடுமையான உழைப்பை உத்தேசித்து, அட்டவணை வகுத்தவர்கள் அங்கே கையிருப்பைத் தாராளமாகவே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

இந்த அட்டவணைகளை அமெரிக்காவில் வெளியிடுவது டயர் மற்றும் ரிம் சங்கம் என்ற பழமையான ஸ்தாபனம். ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் இந்தியாவுக்கும் இதேபோல் தனித்தனி அமைப்புகள் உண்டு. அட்டவணையைப் பிரயோகிக்கும் முறையை ஒரு திருஷ்டாந்தத்தால் விளக்கிவிடுகிறேன். வண்டியோடு வந்த டயர் ‘பி’ ஜாதி, 265 மில்லிமீட்டர் அகலம், 17 அங்குல ரிம், பாரக் குறியீடு 113 என்று வைத்துக்கொள்வோம். குறியீடு 113 என்றால் 1,150 கிலோகிராம். ஆனால் கார் டயரை லாரியில் மாட்டும்போது அதன் திறனை 1.10-ஆல் வகுத்துக் குறைத்துக்கொள்ளவேண்டும் என்பது விதி. லாரி கரடுமுரடாக நடத்தப்படும், அளவுக்குமேல் ஏற்றப்படும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்துச் செய்த ஏற்பாடு அது. வகுத்தால் 1,045 கிலோகிராம் வருகிறது. 35 பவுண்டில் பழைய டயர் செய்துகொண்டிருந்த வேலை இதுதான். புது டயர் எந்த ஜாதியாயினும் எந்த அகலமாயினும், இந்த 1,045 கிலோகிராமுக்குக் குறையாமல் தாங்கவேண்டும். அதற்கு அந்த டயரின் அட்டவணையில் எந்த அழுத்தம் போட்டிருக்கிறதோ அதுவே நமக்கு வேண்டிய விடை. அதே அளவில் 80 பவுண்டு வரை தாங்கும் லாரி டயர் ஒன்றை எடுத்துக்கொண்டால், அந்த விடை 45 பவுண்டுக்கு மேலே வந்து நிற்கும். சீட்டில் உள்ள 35-ஐ அப்படியே அடித்தவர் காற்றுக் குறைந்த டயரில் ஓடிக்கொண்டிருக்கிறார். பக்கச்சுவரில் உள்ள 80-ஐ அடித்தவர் கல்லின்மேல் உட்கார்ந்து சவாரி செய்கிறார். அகலத்துக்காக இரண்டரைப் பவுண்டைக் குறைக்கலாமா என்று ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கும் அதே வேளையில், ஜாதி மாறியதற்காகப் பத்துப் பவுண்டுக்குமேல் கூட்டவேண்டியிருக்கிறது.

எல்.டி. டயரின் பக்கச்சுவரில் சி, டி, இ என்று ஓர் எழுத்தும் காணப்படும். சாதாரண அளவுகளில் சி என்பதற்கு உச்ச அழுத்தம் 50 பவுண்டு, டி என்பதற்கு 65, இ என்பதற்கு 80. மேலே சொன்ன பன்னிரண்டரை அங்குல டயரைப் போன்ற மிக அகன்றவற்றுக்கு மட்டும் இ என்ற எழுத்திருந்தும் உச்சம் தாழ்ந்திருக்கும். இ எழுத்துள்ள டயரைப் பத்து அடுக்கு டயர் என்று சொல்லும் வழக்கம் பருத்தி நூலால் டயர் செய்த காலத்திலிருந்து தங்கிவிட்டது. இன்றைய ரேடியல் டயரை அறுத்துப் பார்த்தால் பத்து அடுக்கு எங்கும் அகப்படாது.

காற்றுக் குறைந்தால் அப்படியென்ன அபாயம் வந்துவிடும் என்று கேட்கலாம். ஒரு கம்பியை முன்னும் பின்னுமாக வேகமாக வளைத்துப் பார்த்தவர்களுக்கு அது விரலைச் சுடும் என்பது தெரியும். நெடுஞ்சாலை வேகத்தில் செல்லும் டயரின் ஒவ்வொரு பகுதியும் வினாடிக்குப் பத்துத் தடவைக்கும் மேலாகத் தட்டையாகி நிமிர்கிறது, காற்றுக் குறையக் குறைய அந்த மடக்கத்தின் ஆழம் கூடுகிறது, உண்டாகும் உஷ்ணம் முக்கியமாகப் பட்டனின் ஓரத்தில், எஃகுக் கம்பிப் பட்டைகளின் விளிம்பில் போய்த் தேங்குகிறது. அங்கே ரப்பருக்கும் எஃகுக்கும் உள்ள ஒட்டு தளர்ந்து, பட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, கடைசியில் பட்டன் பகுதி முழுவதுமே உரிந்து பறந்துவிடுவது உண்டு. ரேஞ்சர் என்ற பிக்கப்பின் அடிக்கட்டுமானத்திலிருந்து ஃபோர்டு கம்பெனி உருவாக்கிய எக்ஸ்ப்ளோரர் என்ற வண்டிக்கு அக்கம்பெனி 26 பவுண்டு போதும் என்று எழுதியிருந்தது. டயர் செய்த ஃபயர்ஸ்டோன் கம்பெனி 30 வேண்டும் என்றது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது. டயர் உரிந்து வண்டி கவிழ்ந்த விபத்துகளில் மாண்டவர்கள் 270-க்கும் அதிகம் என்று அரசாங்கம் கணக்கிட்டது. குற்றம் டயரிலா வண்டியிலா என்று இரு கம்பெனிகளும் நெடுங்காலம் வழக்காடின. டயரின் அமைப்பில் குறை இருந்தது என்பது விசாரணையில் வெளிப்பட்டது. ஆயினும் வெப்பமிகுந்த தென் மாகாணங்களில் விபத்துகள் குவிந்ததையும், அந்த நான்கு பவுண்டு வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்த்தால், கையிருப்பு என்று ஒன்று இல்லாத டயர் எவ்வளவு விரைவில் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது என்பது புலப்படும்.

இனி மழையைப் பற்றி ஒரு வார்த்தை. நீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் டயர் ஒரு கட்டத்தில் தரையை விட்டு நீரின்மேல் எழும்பிச் சறுக்கத் தொடங்குகிறது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் வால்டர் ஹோர்ன் என்பவர் விமான டயர்களை வைத்து ஆராய்ந்து, 1960-களில் இதற்கு ஓர் எளிய சூத்திரம் கண்டார்: அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், சறுக்கல் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று கிடைக்கும். 35 பவுண்டுக்கு அது மணிக்குச் சுமார் 98 கிலோமீட்டர். 25 பவுண்டுக்குச் சுமார் 83. விமான டயருக்கென்று பிறந்த சூத்திரத்தைப் பிக்கப்புக்கு எழுத்துக்கு எழுத்து பொருத்துவது நியாயமாகாது என்றாலும், அது காட்டும் திசை சரியானதே. பதியும் பரப்பு குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும்போது, முன்னால் உள்ள நீரை இருபுறமும் ஒதுக்கித் தள்ளுவது இன்னும் கடினமாகிறது. அகன்ற டயரையும் குறைந்த காற்றையும் சேர்த்து விரும்புகிறவர்கள் மழைக்காலத்தில் வேகத்தைக் குறைத்துக்கொள்வது தவிர வேறு வழி கிடையாது.

அட்டவணை சொல்வது குறைந்தபட்ச அழுத்தம். அதற்குமேல் எவ்வளவு என்பதை வண்டியின் நடைமுறையே தீர்மானிக்கிறது. பிக்கப்பின் விசித்திர குணம், அதன் பின் அச்சின்மேல் உள்ள பாரம் நாளுக்கு நாள் மாறுவதுதான். பின்கூடு காலியாக இருக்கும்போது 2,400 கிலோகிராமில் 1,400 முன் அச்சின்மேலும் 1,000 பின் அச்சின்மேலும் இருக்கும் வண்டியில், 600 கிலோகிராம் செங்கல்லை ஏற்றினால் அது ஏறக்குறைய முழுவதும் பின் அச்சையே சென்று சேரும். 500 கிலோகிராம் சுமந்துகொண்டிருந்த ஒரு பின் டயர் கணப்பொழுதில் 800 கிலோகிராம் சுமக்கத் தொடங்கும். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரிகள் தங்கும் இடங்களில் ஒவ்வோர் அச்சையும் தனித்தனியே நிறுத்துக் காட்டும் எடைமேடைகள் உண்டு. சொற்பக் கட்டணத்தைக் கொடுத்து, காலியாக ஒரு முறையும் வழக்கமான சுமையோடு ஒரு முறையும் நிறுத்துப் பார்த்தவருக்கு, ஊகத்துக்குப் பதிலாகக் கையில் ஆதாரம் இருக்கும். அப்படி நிறுத்துப் பார்த்துவிட்டு, வண்டி காலிதானே என்று பின் டயர்களில் மட்டும் காற்றைக் கணிசமாகக் குறைத்துச் சுகமாகச் சவாரி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கின்படி அவர்கள் செய்வது தவறன்று. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அண்டை வீட்டுக்காரருக்காக மண் ஏற்றப் போகும்போது காற்றை மீண்டும் கூட்டவேண்டும் என்ற நினைவு எத்தனை பேருக்கு வரும்? மனிதனின் மறதியையும் ஒரு பாரமாகக் கருதி அதற்கும் சேர்த்துக் காற்றடிப்பதுதான் என் அபிப்பிராயத்தில் விவேகம்.

இன்னொரு பழைய யுக்தியும் உண்டு. பட்டனின் குறுக்கே சாக்குக்கட்டியால் பட்டையாகக் கோடு இழுத்து, நேர்ச்சாலையில் சிறிது தூரம் ஓட்டி, கோடு எங்கே அழிந்திருக்கிறது என்று பார்ப்பது. நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. ஒருசீராக அழிந்திருந்தால் சரி. அகன்ற டயரைக் குறுகிய ரிம்மில் மாட்டியவர்களுக்கு இது நல்ல ஆசான்; அங்கே டயரின் நடுப்பகுதி புடைத்து நிற்பதால், அதிகக் காற்றடித்தால் நடுப் பட்டன் சீக்கிரமாகவே மொட்டையாகிவிடும். எனினும் ரேடியல் டயரின் எஃகுப் பட்டை பட்டனைப் பெரும்பாலும் தட்டையாகவே வைத்திருப்பதால், சாக்குக்கட்டி பல பவுண்டு வித்தியாசத்துக்கும் ஒரே பதிலைச் சொல்லும். காலி வண்டியில் இந்தப் பரீட்சையைச் செய்து, அதில் வந்த தாழ்ந்த அழுத்தத்தை நம்பிப் பாரம் ஏற்றுவது ஆபத்து. அட்டவணை வகுத்த எல்லைக்கு மேலே நின்றுகொண்டு நுணுக்கமாகச் சரிசெய்வதற்குத்தான் இது உதவும்.

எந்த எண்ணைத் தேர்ந்தாலும், அது குளிர்ந்த டயருக்கு உரியது. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்கவேண்டும்; ஓடிவந்து சூடேறிய டயரில் அழுத்தம் கூடியிருப்பதைக் கண்டு காற்றைத் திறந்துவிடுகிறவர், மறுநாள் காலையில் காற்றுக் குறைந்த டயரோடு புறப்படுகிறார். பருவகாலமும் தன் பங்குக்கு விளையாடும். மின்னசோட்டாவில் 20 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமுள்ள கொட்டகையில் 35 பவுண்டு அடித்த டயர், வெளியே பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரிக் குளிரில் நின்றால் 28 பவுண்டாக இறங்கிவிடும். வாயு எதுவும் கசியவில்லை, சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மலை ஏறினால் இதற்கு எதிர்மாறு. அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றைவிட உள்காற்று எவ்வளவு அதிகம் என்பதைத்தான் என்பதால், கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வர் நகரத்துக்குப் போய்ச் சேரும் டயர், உஷ்ணம் மாறாதிருந்தால், ஒருவரும் தொடாமலே இரண்டரைப் பவுண்டு கூடுதலாகக் காட்டும்.

இதுவரை சொன்னது சாலையைப் பற்றியது. சாலை முடிந்த இடத்தில்தான் அகலம் தன் உண்மையான மகிமையைக் காட்டுகிறது. மணலிலும் பனியிலும் தரையே பலவீனமானது. சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவுதான் தாங்கும் என்று அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குக் கீழே அழுத்தத்தைக் குறைத்தாலன்றி சக்கரம் புதைந்துவிடும். லிபியப் பாலைவனத்தில் 1920-களின் பிற்பகுதியிலிருந்து ஃபோர்டு கார்களில் சுற்றித் திரிந்து, பிற்பாடு மணலின் பௌதிகத்தைப் பற்றி 1941-ல் ஒரு சாஸ்திர நூலே எழுதிய பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பாக்னால்டு, டயரின் காற்றை இறக்கி மணல்மேட்டைக் கடக்கும் வித்தையை நன்கு கற்றிருந்தார். 1940-ல் எகிப்தில் அவர் திரட்டிய பாலைவனப் படை, அகன்ற டயர் பூட்டிய செவர்லே லாரிகளோடு எதிரி நினைத்தும் பாராத வழிகளில் போய்வந்தது. அதே இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கர்கள் செய்த டக் என்ற நீர்நில லாரியில், கடலிலிருந்து மணற்கரையில் ஏறும்போது காற்றை இறக்கவும், கெட்டிச் சாலைக்கு வந்தவுடன் ஏற்றவும் ஓட்டுநர் தம் ஆசனத்தில் இருந்தபடியே செய்துகொள்ள வசதி இருந்தது.

இந்தக் கலையை அதன் எல்லைவரை கொண்டுபோனவர்கள் ஐஸ்லாந்து தீவினர். அங்கே டயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகளின் சக்கரக் கூடுகளை வெட்டி அகலப்படுத்தி, 38 அங்குலமும் 44 அங்குலமும் உயரமுள்ள டயர்களை மாட்டி, வாட்னயோகுல் போன்ற பனியாறுகளின்மேல் வெறும் 2 முதல் 4 பவுண்டு காற்றில் ஓட்டிச் செல்கிறார்கள். இவ்விதம் மாற்றிய ஹைலக்ஸ் ஒன்று 2007-ல் பிபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக, 1996-ல் வட காந்த துருவம் இருந்த இடம்வரை போய்ச் சேர்ந்தது. இவ்வளவு தாழ்ந்த அழுத்தத்தில் பழைய கணக்கு அப்படியே செல்லாது. பாரத்தை அழுத்தத்தால் வகுத்தால் வரும் பரப்பு டயரின் உடலுக்கே மிஞ்சியதாகிவிடுகிறது. பக்கச்சுவரின் விறைப்பு பாரத்தில் கணிசமான பங்கைத் தாங்கத் தொடங்குகிறது. டயர் பக்கவாட்டில் விரிவதைக் காட்டிலும் முன்பின்னாகவே அதிகம் நீள்கிறது; பனியில் மிதக்க வைப்பது முக்கியமாக அந்த நீளம்தான். இங்கே உஷ்ணமும் உயரமும் செய்யும் சேஷ்டை சாலையில் செய்வதைவிடப் பெரியது. கடலோரத்தில் பூஜ்யம் டிகிரியில் 3 பவுண்டு வைத்துவிட்டு 1,500 மீட்டர் உயரத்துப் பனிமேட்டுக்கு ஏறினால், வெளிக்காற்று இளைத்துப்போனதால் மட்டும் அது 5 பவுண்டைத் தாண்டிவிடும். அங்கே பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரிக் குளிர் இருந்தால் மீண்டும் 4 பவுண்டளவுக்கு இறங்கும். 35 பவுண்டில் ஒரு பவுண்டு தவறினால் ஒருவரும் அறியமாட்டார்கள். 3 பவுண்டில் ஒரு பவுண்டு என்பது மூன்றில் ஒரு பங்கு. டயரின் விளிம்பை ரிம்மோடு இறுக்கி வைத்திருப்பதும் உள்ளே இருக்கும் காற்றுதான் என்பதால், இந்த நிலையில் சட்டென்று திருப்பினால் டயர் ரிம்மைவிட்டே கழன்றுவிடும். விளிம்பைத் திருகாணி வளையத்தால் பூட்டும் ரிம்கள் இதற்காகவே செய்யப்படுகின்றன. கெட்டித் தரைக்குத் திரும்பியதும் காற்றை ஏற்றிக்கொள்ள வண்டியிலேயே ஒரு கம்ப்ரஸர் இல்லாதவர் காற்றை இறக்கவே கூடாது.

இவ்வளவையும் ஆராய்ந்து, அட்டவணை பார்த்து, நிறுத்துப் பார்த்து, 48 பவுண்டு என்று முடிவு செய்து அடித்தவர், அதற்குப் பிறகு காற்றுக் குறைந்தால் வண்டியே எச்சரிக்கும் என்று நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. ஃபயர்ஸ்டோன் விவகாரத்தின் விளைவாக 2000 நவம்பரில் நிறைவேறிய சட்டத்தின்படி, 2007 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் விற்கும் இலகுரக வண்டிகள் அனைத்திலும் டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு கட்டாயம். சீட்டில் உள்ள அழுத்தத்திலிருந்து கால் பங்கு குறைந்தால் அது எரியவேண்டும் என்பது விதி. சீட்டில் 35 என்றிருந்தால் விளக்கு ஏறக்குறைய 26-க்கு வந்த பிறகே எரியும். 48 தேவைப்படும் லாரி டயர் 40-க்கு இறங்கி, 35-க்கு இறங்கி, 30-க்கு இறங்கிச் சூடேறிக்கொண்டிருக்கும்போதும் அந்த விளக்கு அணைந்தே இருக்கும். சில வண்டிகளில் அந்த எல்லையைப் புதிய டயருக்கேற்ப மாற்றி எழுத வழி உண்டு. தகுந்த கருவி உள்ள பட்டறையில் கேட்டுச் செய்துகொள்ளலாம். அந்த வசதியில்லாத வண்டிக்காரர், புது எண்ணைச் சிறு காகிதத்தில் எழுதிப் பழைய சீட்டின் பக்கத்திலேயே ஒட்டி வைத்து, மாதம் ஒரு முறையும் நெடும் பிரயாணத்துக்கு முன்பும், காலையில் வண்டியைக் கிளப்புவதற்குமுன் அழுத்தமானியைக் கையில் எடுக்கவேண்டியதுதான்.